மீதியையும் சொல்பவர்

மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் இருந்த எங்கள் அறைக்கு, கம்பெனி கேம்பிலிருந்து அவர் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கள் போர்மேனைப் பற்றியது. லீவு கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார், வெயில் தாங்காமல் நிழலில் ஒதுங்கினால் அங்கேயே வந்து நின்று கத்துவார், ஒருத்தனுக்கு மனைவி பிரசவம் என்று தெரிந்தும் ஓவர்டைம் போட்டார் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். மீன் குழம்பைவிட அந்தப் பேச்சு ருசியாக இருந்தது.

புதியவர் பிசைந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன மாதம் எலெக்ட்ரீசியன் ஒராள் நெஞ்சு நோகுதெண்டு இருந்திட்டார். போர்மேன்தான் தன்ர காரில ஏத்திக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில பின்னேரம் வரைக்கும் கூட நிண்டவர். அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொன்னது எங்களுக்கும் தெரிந்த சங்கதிதான். மறந்துபோயிருந்தோம், அல்லது அந்த மத்தியானத்துக்கு அது தேவைப்படவில்லை. அவர் கை கழுவப் போனதும் எங்கள் அறையில் இருந்த பிளம்பர் என் காதருகே வந்து, "யாருண்ணே இவரு, போர்மேனுக்குச் சொந்தமா?" என்றார்.

அவர் யாருக்கும் சொந்தமில்லை. இலங்கையில் வன்னிக்காரர். போர் முடிந்து, முகாமில் இருந்து, வெளியே வந்து, சில வருடங்கள் ஊரில் கூலி வேலை செய்துவிட்டு மஸ்கட்டுக்கு வந்திருந்தார். கட்டடங்களைப் பராமரிக்கும் எங்கள் கம்பெனியில் அவருக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. நான் அதே கம்பெனியில் பர்ச்சேஸ் கிளார்க். நான் வாங்கிப் போடுவதை அவர் எடுத்துக் கொடுப்பார். அவர் என்னை "அண்ணை" என்பார், நான் அவரை "அண்ணே" என்பேன். யார் மூத்தவர் என்று ஆறு வருடமும் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு விசாப் பிரதியில்தான் பார்த்தேன். நான் எட்டு மாதம் மூத்தவன்.

தேநீருக்குச் சர்க்கரை போடமாட்டார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டு, ஒரு மிடறு குடித்து, விரலால் தொட்டு ஒரு முறை நக்குவார். சர்க்கரை கிடைக்காத காலத்தில் வந்த பழக்கம் என்றார். "இப்பதான் கிடைக்குதே" என்றேன் ஒருமுறை. ஒரு சிட்டிகையில் ஒரு கோப்பை முடிகிறது, பிறகு ஏன் இரண்டு கரண்டி கொட்ட வேண்டும் என்று கேட்டார்.

அந்த "அதையும் சேர்த்து" என்ற பேச்சு மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. கெட்டவன் என்று எல்லோரும் முடிவு கட்டிய ஆளுக்கு அவரிடம் ஒரு நல்லது இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நல்லவர் என்று முடிவு கட்டிய ஆளுக்கும் அவரிடம் ஏதாவது இருக்கும். அதுதான் சங்கடம்.

எங்கள் வேன் டிரைவர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடி நின்று அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசினோம். அவர் வாய் திறந்து ஒருவரையும் திட்டியதில்லை, தெய்வம் மாதிரி மனிதர், பாவம் இந்த நாட்டில் அவருக்கென்று ஒருவரும் இல்லை என்றெல்லாம் பேச்சு போனது. ஸ்டோர்காரர் பின்வரிசையிலிருந்து கை தூக்கினார். இறந்தவருக்கு இதே ஓமனில், சோகார் நகரத்தில், கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை, பேச்சை நிறுத்தியது தம்பிதான் என்றார். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. செத்த வீட்டில் பேசுகிற பேச்சா என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார்.

ஆனால் மேனேஜர் அந்த அண்ணனைத் தேடிப் பிடித்தார். மறுநாள் காலையில் அந்த மனிதர் வந்துவிட்டார். காகிதங்களில் கையெழுத்துப் போட உரிய ஆள் கிடைத்ததால் உடல் தாமதமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தது. புறப்படுமுன் அந்த அண்ணன் கேம்புக்கு வந்து, தம்பியின் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் ஸ்டோர்காரரைத் திட்டவில்லை. நெருங்கிப் பேசவும் இல்லை. அவர் பக்கத்தில் இருந்தால் எதையும் அளந்துதான் பேச வேண்டியிருந்தது.

நானும் அவரிடம் மாட்டியிருக்கிறேன். ஒரு நாள் மனைவியிடம் போனில், ஆபீசில் ஒருத்தன் என்னை எப்படி அவமானப்படுத்தினான் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், முதலில் சத்தம் போட்டது நீங்கள்தான், அதை வீட்டுக்குச் சொல்லவில்லை என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் மனைவிக்குப் போன் செய்து மீதியைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதா" என்று அவள் சிரித்தாள்.

இப்படிப்பட்ட ஒரு மனிதரின் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் நான் நாவல் எழுதத் துணிந்தேன்.

போரின் கடைசி மாதங்களில் நான் மஸ்கட்டில்தான் இருந்தேன். அறையில் டிவி இருந்தது. செய்தியில் காட்டுவார்கள். பார்ப்போம், உச்சுக் கொட்டுவோம், முடிந்ததும் யாராவது சேனலை மாற்றுவார்கள். மாற்றியது பல நாள் நான்தான். அது பல வருடம் கழித்து உறுத்த ஆரம்பித்தது. அவர் வந்த பிறகு அந்த உறுத்தலுக்கு ஒரு முகமும் கிடைத்துவிட்டது. ஸ்டோருக்குப் போகிற வேனில், தேநீர் இடைவேளையில், அவர் சொன்ன துண்டுதுணுக்குகளைச் சேர்த்து வைத்தேன். பெரிய தலைவர்களோ சண்டைக்காரர்களோ இல்லாமல், அந்தப் போருக்குள் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய ஒரு தெருவைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் எண்ணம். வெள்ளிக்கிழமை காலைகளில் உட்கார்ந்து எழுதி எட்டு நோட்டுப் புத்தகங்கள் நிரப்பினேன். எழுதி முடித்த பிறகுதான் அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். "கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார்.

ஒரு நோட்டை ஸ்டோருக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் பக்கம் பக்கமாக வாசித்தார். காதில் செருகியிருக்கும் பென்சிலால் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்பு. முதல் நோட்டைத் திருப்பித் தந்தபோது அவர் கேட்டது இது:

"உங்கட கதையில எல்லாரும் எந்த நேரமும் அழுகினம். இவை எப்ப தலைமயிர் வெட்டினவை?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இடம்பெயர்ந்து போன கடைசி இடங்களில் ஒன்றில், ஒரு பூவரச மரத்தடியில், ஒருவர் கத்தரிக்கோலும் உடைந்த கண்ணாடியுமாக உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டிருந்தாராம். வரிசையில் ஆட்கள் இருப்பார்கள். செல், அதாவது பீரங்கிக் குண்டு, விழத் தொடங்கினால் எழுந்து ஓடுவார்கள். ஓய்ந்ததும் வந்து அதே வரிசையில் உட்காருவார்கள். அப்போதும், நான்தான் உனக்கு முன்னால் இருந்தேன் என்று வாக்குவாதம் வரும். பாதி வெட்டிய தலையோடு ஓடியவருக்கு முதலில் இடம் கொடுப்பது என்று ஒரு ஒழுங்கும் இருந்ததாம்.

அப்படி எத்தனையோ தந்தார். சவர்க்காரம் இல்லாத வருடங்களில் பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்ததையும், அதைப் போட்டுக்கொண்டு போனால் மாடுகள் பின்னால் வந்து மோந்து பார்த்ததையும் சொன்னார். பங்கர் என்கிற பதுங்கு குழிக்கு மண் மூட்டை கட்டச் சாக்கு கிடைக்காமல் பெண்கள் தங்கள் சேலைகளைத் தைத்துக் கொடுத்தார்கள். எந்தச் சேலையைக் கொடுப்பது என்று அவருடைய அம்மாவும் அக்காவும் ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில், கல்யாணக் கூறைதான் கிழியாது என்று அம்மாவே அதை எடுத்துக் கொடுத்தார். அந்த மூட்டைகளில் பட்டுக்கரை வெயிலில் மின்னியது என்றார். நான் எழுதியிருந்தது எல்லாம் ஒப்பாரி. அவர் தந்தது எல்லாம் வீட்டு வேலை. நாவலில் உயிருள்ள பக்கங்கள் எல்லாம் அவருடைய பென்சிலிலிருந்து வந்தவை.

ஏழாவது நோட்டை மட்டும் பத்து நாள் வைத்திருந்தார்.

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒருமுறை வேனில் வரும்போது அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து அதை எழுதியிருந்தேன். கடலோரத்தில், கூடாரங்களுக்கு நடுவே, பக்கத்து வீட்டுக்காரரின் பங்கருக்கு அவர்கள் ஓடினார்கள்: அவர், அம்மா, அக்கா, அக்காவின் எட்டு வயது மகள். "அங்க இடமில்லை எண்டிட்டார். அண்டைக்கு அக்கான்ர பிள்ளை போயிட்டாள்." அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் அதை இருபது பக்கமாக்கினேன். வாசலை அடைத்து நிற்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தடித்த கழுத்து வைத்தேன். அவருக்குப் பின்னால், பங்கருக்குள், நகைப் பெட்டியும் அரிசி மூட்டையும் வைத்தேன். நாவலில் நான் மிகவும் பெருமைப்பட்ட இடம் அதுதான்.

பதினோராம் நாள் மத்தியானம் ஸ்டோருக்குப் போனேன். பைப் அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நோட்டு மடியில் இருந்தது.

"பெட்டி இருக்கேல்லை, அண்ணை" என்றார். "அரிசியும் இருக்கேல்லை. நான் உள்ளுக்கு எட்டிப் பாத்தனான். அது நாலு பேருக்கு வெட்டின பங்கர். உள்ளுக்கு பதினொரு பேர் இருந்தவை. முன்னுக்கு ஒரு பிள்ளைத்தாச்சி. அவர் வெளியில பாதி உடம்பு தெரியத்தான் இருந்தவர். விடியக் காலமை மண்வெட்டியோட வந்து நிண்டார். பிள்ளைக்குக் குழி வெட்டினது அவர். எனக்குக் கை வரேல்லை. அதையும் சேர்த்து எழுத வேணும்."

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு குழந்தையின் சாவைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, என் அத்தியாயம் போச்சே என்று நினைத்தேன்.

"அப்படி எழுதினா வாசிக்கிறவன் யார் மேலண்ணே கோபப்படுவான்?" என்று கேட்டேன்.

"எனக்கும் ஒராள் வேணும்தான். இவ்வளவு காலமும் தேடிப் பாத்தனான். செல் அடிச்சவன்ர முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரிஞ்ச ஆள் எண்டதுக்காக இந்த மனிசனைப் பிடிக்க ஏலாது."

நாவல் என்னுடையது, இதில் எல்லாம் கற்பனைக்கு இடம் உண்டு என்று ஏதோ சொன்னேன். அவர் நோட்டை என்னிடம் நீட்டினார்.

"ஓம். நாவல் உங்கட. ஆள் உங்கட இல்லை."

நான் மாற்றவில்லை. எட்டாவது நோட்டை அவரிடம் கொடுக்கவும் இல்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, சாப்பிட்டீங்களா, தண்ணி வருதா என்பதற்கு மேல் பேச்சில்லாமல் இரண்டு மாதம் போனது.

அப்போதுதான் அந்த ஏணி விஷயம் நடந்தது. பெயின்ட் வேலைக்கு ஏணிகள் அவசரமாக வேண்டுமென்று சைட் இன்ஜினியர் நாலு நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று கேட்டு இரண்டு முறை மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. சப்ளையரிடம் கையில் இருந்ததை வாங்கிப் போட்டேன். அவை வீட்டு உபயோகத்துக்கான லேசான ஏணிகள். இரண்டாம் நாள் ஒன்று கால் மடங்கி, ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெயின்டர் ஒருவர் மேலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார்.

விசாரணை வைத்தார்கள். மேனேஜர் முன்னால் இன்ஜினியர் பேசினார். தரமில்லாத ஏணியைத் தன்னிடம் கேட்காமலேயே நான் வாங்கிவிட்டேன் என்றார். மெயில்களைப் பற்றிச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த மனிதரைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தேன். அன்றைக்கே என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், இனி இந்தப் பக்கமே வர முடியாது என்று தெரிந்துவிட்டது. மகள் அப்போது பத்தாம் வகுப்பு.

பொருளை எடுத்துக் கொடுத்தவர் என்று ஸ்டோர்காரரைக் கூப்பிட்டார்கள். எனக்காக ஏதாவது மழுப்பிச் சொல்வார் என்று ஒரு நப்பாசை இருந்தது. இரண்டு மாதமாகப் பேசாததற்கு அவர் பழி வாங்குவார் என்ற பயமும் இருந்தது. அவர் தனக்குத் தெரிந்த இந்தியையும் ஆங்கிலத்தையும் கலந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஏணி பிழையானது, வாங்கியது இவர், அது இவருடைய பிழை என்றார். பிறகு தொடர்ந்தார். இவர் எடை கேட்டு இரண்டு மெயில் அனுப்பியிருக்கிறார், அதில் தன் பெயரும் இருந்ததால் தனக்குத் தெரியும், இரண்டுக்கும் பதில் வரவில்லை. இன்ஜினியர் நாலு நாளும் ஆளை உட்கார விடவில்லை. ஏணியில் எத்தனை கிலோ தாங்கும் என்று லேபிள் ஒட்டியிருந்தது. அதைத் தான் வாசித்ததாகவும், வாசித்தும், வேலை நிற்கிறது என்று அவசரப்படுத்தியதால் எடுத்துக் கொடுத்ததாகவும் சொன்னார். லேபிளைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலை தப்பியது. இன்ஜினியருக்கும் ஒரு கடிதம் போனது. பெயின்டர் மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு ஊருக்குப் போனார். இப்போது தடி இல்லாமல் நடக்கிறார். பொங்கலுக்குப் போன் செய்வார்.

அன்று வெளியே வந்து வேனுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன்.

"என் தப்பை முதல்ல சொல்லிட்டீங்களேண்ணே."

"அது இருந்தது தானே. அதை விட்டிட்டு மற்றதைச் சொன்னா ஆர் நம்புவினம்?"

அந்தத் தப்பை நான் இன்றைக்கும் சுமக்கிறேன். ஆனால் அது என்னால் தூக்கக்கூடிய எடையில் இருக்கிறது. இன்ஜினியர் சொன்ன கதையில் இருந்த ஆளாக நான் ஊருக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த வாரமே ஏழாவது நோட்டை எடுத்தேன். நகைப் பெட்டியை அடித்தேன். அரிசி மூட்டையை அடித்தேன். தடித்த கழுத்தை அடித்தேன். பதினொரு பேரை உள்ளே உட்கார வைத்து, அந்த மனிதரைப் பாதி உடம்பு வெளியே தெரிய வாசலில் இருத்தினேன். இருபது பக்கம் ஆறு பக்கமானது.

அதைக் கொடுத்தபோது அவர் ஸ்டோரிலேயே நின்றபடி வாசித்தார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மாலையில் நோட்டைத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது. "அவள் அப்போது ஏழாம் வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்தாள்." அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் எனக்குத் தந்த ஒரே விவரம் அது. ஒரு எழுத்தும் மாற்றாமல் நாவலில் சேர்த்தேன்.

சில மாதங்களில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கம்பெனி புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. கேட்காமலே தன் பிழையைச் சொன்ன ஆள் அந்த விசாரணையில் அவர் ஒருவர்தான் என்று எங்களுக்குத் தெரியும். நான் மேனேஜர் அறைக்குப் போய், என்னைவிட அவர் தப்பு சின்னது, போக வேண்டியது நான் என்று சொன்னேன். வாழ்க்கையில் அப்படி ஒன்றை நான் சொன்னது அதுவே முதல் தடவை. பலன் இல்லை. அறைக்கு வந்து அவரிடம் சொன்னபோது, மேனேஜர் தனக்கு டிக்கெட்டும் போட்டு, நல்லவிதமாக ஒரு சான்றிதழும் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதையும் மறக்கக்கூடாது என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விமான நிலையத்துக்கு நாங்கள் மூவருமே போனோம். பிளம்பர் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்.

புத்தகம் வந்தது. வாசித்த நண்பர்கள் சிலர், எல்லாம் சரி, அந்தப் பங்கர் இடம் மட்டும் கொஞ்சம் சப்பென்று போய்விட்டது, அங்கே ஒரு வில்லன் நின்றிருக்க வேண்டும் என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டேன். அவருக்கு மூன்று பிரதிகள் அனுப்பினேன். ஒன்று அவருக்கு. ஒன்று அக்காவுக்கு. மூன்றாவதை என்ன செய்தார் என்று ஒரு நாள் போனில் சொன்னார்.

போருக்குப் பிறகு எல்லோரும் பழைய ஊருக்கே திரும்பியிருந்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இப்போது இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார். கண்டால் தலையசைப்பு உண்டு, பேச்சு இல்லை. மூன்றாவது பிரதியை இவர் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து அந்த மனிதர் ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

"தம்பி, பதினொரு பேர் எண்டு எழுதியிருக்கு. அது சரி" என்றாராம். "ஆனா பிள்ளையை மட்டுமாவது தா எண்டு நான் கேட்டிருக்கலாம். மடியில வைச்சிருக்கலாம். அண்டைக்கு எனக்கு அது தோன்றேல்லை. அடுத்த நாள் மண் வெட்டேக்கதான் தோன்றினது."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?" என்றேன்.

"அவற்ற மனிசி தேத்தண்ணி கொண்டு வந்தவ. குடிச்சிட்டு வந்தனான்."

இரண்டாம் பதிப்பில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. கேட்டும் விட்டேன். அந்த மனிதர் உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்றார். இத்தனை வருடத்தில் அவர் ஒன்றை விட்டுவிடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

போன மாதம் கூப்பிட்டார். அந்த மனிதர் காலமாகிவிட்டாராம். செத்த வீட்டில் நாலு பேர் எழுந்து பேசுவது அவர்கள் பக்கத்து வழக்கம். இறந்தவரின் பிள்ளைகள் இவரிடம் வந்து, நீங்கள் ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன சொன்னீர்கள் என்று உடனே கேட்டேன்.

"இவர் வெட்டின பங்கருக்குள்ள இருந்த பதினொரு பேரும் உயிரோட வந்தவை எண்டு சொன்னனான். அண்டைக்கு வயித்துக்குள்ள இருந்த பிள்ளை பந்தலுக்குள்ள நிண்டது, வளந்த பெட்டையாய். அவளைக் காட்டினனான். சொல்லிட்டு இருந்திட்டன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மற்றது அங்க சொல்ற கதை இல்லை. ஆனா எங்கையாவது ஒரு இடத்தில இருக்க வேணும். இனி நீங்கள் எழுதலாம், அண்ணை. ஒருத்தரின்ர பேரும் வேண்டாம்."

அக்கா வந்தாரா என்று கேட்டேன். வந்தார் என்றார். இவ்வளவு காலமும் அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர், நேராக உள்ளே போய், இறந்தவரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாராம். உடலை எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லையாம். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, முற்றத்தில் நெல் காய்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என்றாவது ஒரு நாள் என்னைப் பற்றியும் யாராவது எழுந்து நின்று பேச வேண்டி வரும். அன்றைக்கு அவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், பின்வரிசையில் ஆனாலும் சரி.